சின்னப் பிள்ளை கையால் முதல் விதை: செட்டிநாட்டுச் செம்மண்ணில் எதைப் போடலாம்?

(தோட்டக் குழு உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

செம்மண்புழுதி

சித்திரை பிறந்தால் நம்ம பக்கத்து வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருந்து. வயது மூன்றிலிருந்து ஏழுக்குள். திரும்பிப் போக 35, 40 நாள் ஆகும். பின்கட்டைத் தாண்டிக் கொல்லை சும்மா கிடக்கிறது. அந்தப் பிள்ளை பெரிசான பிறகும் "நான் முதல்ல வச்ச செடி" என்று சொல்லும்படி எதை, எப்படி விதைக்க வைக்கலாம்?

நிலவரம் இதுதான். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துச் சரளைச் செம்மண். போர்த் தண்ணி கொஞ்சம் உப்பு. மேலே கத்திரி வெயில். "எங்க அப்பத்தா காலத்துல" என்று ஆரம்பிக்கும் கதைகளுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே அளவு, நாள், எங்கே கெடும், ஏன் கெடும், இவை மட்டும் போதும்.

விதைப்பெட்டி

மூன்று நாள் கணக்கை வைத்துத்தான் விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளை காலையில் விதைத்ததை அன்று மாலை ஒருமுறை பார்க்கும், மறுநாள் இரண்டுமுறை பார்க்கும். நாலாம் நாளும் வெறும் மண்ணாக இருந்தால் விட்டுவிடும். அதனால் முதல் விதை மூன்று நாளுக்குள் தலையை நீட்டியாக வேண்டும்.

அப்படி வருபவை பாசிப்பயறு, தட்டைப்பயறு, வெந்தயம், கடுகு. பாசியை இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இன்னொரு பகல் வைத்தால் வெள்ளை முனை தெரியும். அந்த நிலையில் பிள்ளை கையில் கொடுத்து விதைக்கச் சொன்னால் மறுநாளோ அதற்கு மறுநாளோ மண்ணைப் பிளந்துகொண்டு வரும். தட்டைப்பயறு கொஞ்சம் பெரிசு. சின்ன விரலுக்குப் பிடிக்க வசதி. ஊறவைத்தால் மூன்று நாள், ஊறவைக்காவிட்டால் நாலைந்து.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு கொத்தமல்லிதான். அஞ்சறைப் பெட்டியில் கைக்கு எட்டுவதால் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். உருண்டை மல்லிக்குள் இரண்டு விதை இருக்கும். உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்காமல் போட்டால் தண்ணீர் உள்ளே போகவே நாளாகும். உடைத்தாலும் எட்டு முதல் பன்னிரண்டு நாள் பிடிக்கும். அதிலும் சித்திரை வெயிலில் இலை விரிவதற்குள் பூத்தண்டு ஓடிவிடும். மல்லியை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயும் அப்படித்தான், முளைக்கவே பத்து நாள் ஆகும். தக்காளி முளைத்துவிடும், ஆனால் இந்தச் சூட்டில் பூ கொட்டும்.

சிறார்மனம்

பிள்ளையின் நினைவைப் பற்றி ஒரு சேர்க்கை. பெரியவர்களைக் கேட்டால் அவர்களுடைய ஆக முந்தைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் போய் நிற்கும். அதற்கு முன்னால் நடந்தவை பெரும்பாலும் தங்குவதில்லை. ஆகவே இரண்டு வயதுக் குழந்தையைத் தோட்டத்தில் இறக்குவது நல்லதுதான், அது மண்ணுக்கும் கைக்கும் பழக்கம். நினைவாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தினமும் தண்ணி ஊற்றியது நாள் நாளாக நினைவில் நிற்காது, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். தனித்து நிற்பது ஒரே ஒருமுறை நடந்த, எதிர்பாராத காரியம்தான். விதையைத் தூக்கிக்கொண்டே முளை வெளிவந்த காலை, கிழங்கைப் பிடுங்கியபோது பின்னால் போய் விழுந்தது, இப்படி.

இன்னொன்று பேச்சு. நடந்ததைப் பிள்ளையிடமே கேட்டு விரித்துச் சொல்ல வைத்தால் நினைவு உறுதிப்படும். "செடி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். "முளை வந்தப்ப பயறோட தோல் எங்க இருந்துச்சு?" என்று கேட்டால் பிள்ளை யோசித்துச் சொல்லும். செடிக்கு உள்ள பெயரையே சொல்லிக்கொடுங்கள். "பச்சைச் செடி" என்று சொன்னால் பிறகு தேடி எடுக்க நினைவுக்குப் பிடி இருக்காது.

வாசனையை விடாதீர்கள். வாசனை கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குள் நடந்தவையாக இருக்கும். கசக்கி மோந்து பார்க்க ஒரு செடியாவது அந்தப் பாத்தியில் வேண்டும்.

ஊருணிக்கரை

அடிப்படையே தப்பா இருக்கே. ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. கத்திரி வெயிலில் விதைக்கச் சொன்னால் பிள்ளைக்கு முதல் பாடமே செடி காய்ந்து சாவதுதான்.

பின்கட்டுத்தோட்டம்

பட்டம் பார்ப்பது வயலுக்கு, ஊருணிக்கரை அண்ணே. நாலு சதுர அடிக்கு நிழலைப் பார்த்தால் போதும்.

வெட்டவெளியில் வேண்டாம் என்பது சரிதான். சித்திரையில் செம்மண் மேல்தட்டில் பத்து மணிக்குமேல் வெறுங்காலை வைக்க முடியாது, முளை மட்டும் எப்படித் தாங்கும்? காலை வெயில் பட்டு, உச்சி சாய்ந்ததும் சுவர் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள். பெரிய வீடுகளில் பின்கட்டின் மேலண்டைச் சுவரை ஒட்டிக் கிழக்கு பார்த்த ஓரம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். அது இல்லாவிட்டாலும், பத்து மணி வெயில் நேரே விழுந்தாலும் நாலு கம்பு நட்டு, பாதி வெளிச்சம் விடும் பச்சை வலையோ தென்னங்கீற்றோ ஆறடி உயரத்தில் கட்டலாம். வேப்பமரத்தடி கூடாது. நிழல் கிடைக்கும், ஆனால் மேல்வேர் பாத்திக்குள் புகுந்து தண்ணியைக் குடித்துவிடும்.

தொடக்கத்துக்குப் பாத்திகூட வேண்டாம், சிரட்டை போதும். கண் உள்ள பாதியை எடுத்து மூன்று கண்ணில் மெத்தென்று இருப்பதை ஆணியால் குத்தித் திறந்தால் அதுவே வடிகால். முக்கால் அளவுக்கு மண்கலவை. அதில் நாலு தட்டைப்பயறு. பிள்ளையின் சுட்டுவிரலில் முதல் கணு வரை குழி, அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் வரும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பதுதான் பொதுக் கணக்கு. தட்டைக்கு அந்தக் கணு சரியாகப் பொருந்தும். கீரை விதைக்கு அவ்வளவு ஆழம் ஆகாது, மண் தூவினால் போதும்.

சாவது வெயிலால் அல்ல, பெரும்பாலும் தண்ணியால்தான். பிள்ளைக்கு ஊற்றுவதுதான் விளையாட்டு. மணிக்கு ஒருமுறை ஊற்றும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் விதைக்குக் காற்று போகாது. ஊதி, கொழகொழத்து, நாற்றமடிக்கும். சிரட்டைக்குக் காலையில் இரண்டு மேசைக்கரண்டி, மாலையில் இரண்டு, அதற்குமேல் இல்லை. "ஊத்தாதே" என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் மண் மட்டும் போட்ட ஒரு பழைய மண்சட்டியை வைத்து, மிச்சத் தண்ணியெல்லாம் அதில் ஊற்றச் சொல்லுங்கள்.

தோண்டிப் பார்ப்பதற்கும் இதே வைத்தியம்தான். எல்லாப் பிள்ளையும் தோண்டும். தோண்டுவதற்கென்றே ஒரு சிரட்டையில் பத்துப் பாசிப்பயறு போட்டு, தினம் ஒன்றை எடுத்துப் பார்க்கவிடுங்கள். வேர் முதலில் கீழே போவது, பிறகு கழுத்து வளைந்து மேலே வருவது எல்லாம் கையிலேயே தெரியும்.

செம்மண்புழுதி

கண்ணாடித் தம்ளரில் பஞ்சு வைத்துச் செய்வது?

பின்கட்டுத்தோட்டம்

பஞ்சு வேண்டாம், வேர் அதில் சிக்கிக்கொள்ளும். வெள்ளைத் துணியைச் சுருட்டித் தம்ளரின் உள்சுவரை ஒட்டி நிறுத்துங்கள். ஊறிய மொச்சையைக் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் செருகி, அடியில் ஒரு விரல் தண்ணீர். விதை தண்ணீரைத் தொடக்கூடாது, துணி உறிஞ்சிக் கொடுக்கும். இரண்டு மூன்று நாளில் வேர் தெரியும். தண்ணியை தினமும் மாற்றுங்கள், மறந்தால் வாடை வந்துவிடும்.

கண்மாய்க்கரை

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

நம்ம செம்மண்ணில் இரும்பு உண்டு, மக்கு (மட்கிய இலைதழை) குறைவு. சரளை கலந்தது. ஓரடி இரண்டடி தோண்டினால் பல இடத்தில் செம்புறைக் கல் தட்டும், வேர் அங்கே நின்றுவிடும். ஒரு மழை பெய்தாலோ வாளியால் ஊற்றினாலோ மேலே பொருக்குத் தட்டும். காய்ந்ததும் ஓடு மாதிரி ஆகிவிடும். பயறு தலையால் முட்டிக்கொண்டு வந்துவிடும், கீரையால் முடியாது. "விதை சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பொருக்கை விரலால் பெயர்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும்.

ஆகவே உள்ள மண்ணில் போடாமல் மேட்டுப்பாத்தி போடுங்கள். நாலு வயதுப் பிள்ளையின் கை ஏறக்குறைய ஒன்றரை அடிதான் எட்டும். இரண்டடி அகலம், நாலடி நீளம், அரையடி உயரம் வைத்தால் எந்தப் பக்கமிருந்தும் நடுப்பகுதியைத் தொடலாம், பாத்திக்குள் மிதிக்க வேண்டியிராது. இதற்கு நாலு கன அடி மண் வேண்டும். கொத்தனார் சட்டி ஒன்று பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் மொத்தம் பத்துச் சட்டி. சரளை போகச் சலித்த செம்மண் நாலு, மட்கிய தொழுவுரம் நாலு, மணல் இரண்டு. எம்-சாண்ட் போடாதீர்கள், அதன் தூள் செம்மண்ணோடு சேர்ந்து இன்னும் இறுக்கும். மணல் கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு போடலாம். அதை மூன்று தண்ணியில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும், அதில் உப்பு இருக்கும். ஏற்கெனவே போர்த் தண்ணியிலும் உப்பு, இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். கண்மாய் வண்டல் கிடைக்கிறவர்கள் ஒரு சட்டி கலந்தால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். ஒரு சட்டிக்குமேல் போனால் களிமண் குணம் வந்துவிடும்.

பச்சைச் சாணியை மட்டும் போடாதீர்கள். சூடு கிளம்பும், அதோடு கறையான் வரும். செம்மண் பக்கம் கறையான் இல்லாத கொல்லை கிடையாது. மூடாக்குக்குப் போட்ட வைக்கோலையும் தின்றுவிட்டு மண்குழாய் கட்டிவைக்கும். அது செடியைத் தின்பதைவிடக் காய்ந்ததைத்தான் தேடும், ஆனாலும் வாடிய நாற்றின் வேரை விடாது. பாத்தியை ஈரம் விடாமல் வைப்பதும், மூடாக்கைத் தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளிப் போடுவதும்தான் காப்பு.

செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்டநில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயறு விதை என்றால் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம். பெரிய அளவில் விதை வேண்டுமானால் அங்கே விசாரிக்கலாம். சிரட்டைக்கு மளிகைக்கடைப் பயறே தாராளம், உடைக்காத முழுப் பயறாக இருந்தால் சரி.

தேவகோட்டைவெயில்

கீரை எப்படி? 40 நாளில் தட்டில் விழுமா?

விதைப்பெட்டி

விழும். முளைக்கீரை, சிறுகீரை இரண்டும் 22 முதல் 25 நாளில் பிடுங்கத் தயார். வெயிலுக்கு அஞ்சாதவை. நாலு சதுர அடிக்குக் கால் தேக்கரண்டி விதை எடுத்து ஒரு தம்ளர் காய்ந்த மணலோடு கலக்கிக் கொடுங்கள். கலக்காமல் கொடுத்தால் பிள்ளை ஒரே இடத்தில் கொட்டும். அங்கே நெருக்கமாக முளைத்து, அடித்தண்டு நீர்க்கோத்து, கூட்டத்தோடு சாயும். அதுதான் நாற்றழுகல். மணல் வெளுப்பாக இருப்பதால் எங்கே தூவியாயிற்று, எங்கே பாக்கி என்று செம்மண்மேல் பிள்ளைக்கே தெரியும்.

தூவியதும் மேலே மெல்லிசாக மணல், அதன்மேல் ஈரச்சாக்கு. சாக்கின் மேலேயே தண்ணி தெளியுங்கள், பொருக்கு தட்டாது. மூன்றாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முளை கண்டதும் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டு, சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

முளைக்கு முன்னாலேயே எறும்பு விதையைத் தூக்கும். பாத்திக்கு ஓரடி தள்ளிச் சுற்றிலும் ஒரு பிடி நொய்யரிசி தூவினால் அதை எடுக்கப் போய்விடும். சாம்பலும் தூவலாம், ஆனால் தண்ணி பட்டதும் அதற்கு வேலையில்லை.

வெண்டையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மணி நேரம் ஊறல், குழிக்கு இரண்டு விதை, ஓரடி இடைவெளி, நாலைந்து நாளில் முளை. முதல் காய் 45 நாள். 40 நாள் விடுமுறைக்கு ஐந்து நாள் துண்டு விழுகிறது. பிள்ளை வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே பெரியவர்கள் இரண்டு குழி போட்டு வைக்கலாம்.

ஊருணிக்கரை

அது ஏமாற்று இல்லையா? யாரோ போட்டதை "நீ வச்சது"ன்னு காட்டுறது.

சிறார்மனம்

"நீ வைத்தது" என்று சொன்னால் ஏமாற்றுத்தான், ஐந்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்தும்விடும். "இது ஐயா போட்டது, இது நீ போட்டது" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் சிக்கல் இல்லை. தன் செடி நாளை எப்படி இருக்கும் என்பதை மூத்த செடியில் பார்த்துக்கொள்ளும். பறிப்பது ஐயா செடியில், காத்திருப்பது தன் செடியில்.

ஆனால் செத்த செடியை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைக்காதீர்கள். "தண்ணி அதிகமாப் போச்சு, வேர் அழுகிடுச்சு" என்று பிடுங்கியே காட்டுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

பின்கட்டுத்தோட்டம்

எச்சரிக்கைகள் சிலவற்றைத் தனியாகப் போட்டுவிடுகிறேன். இதைப் படிக்காமல் யாரும் பிள்ளையைக் கொல்லையில் இறக்க வேண்டாம்.

கடைப் பொட்டலத்தில் விதை ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் பூசினது போல இருந்தால் அது பூஞ்சணக்கொல்லி தடவியது. பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. சாயம் இல்லாத விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

பல்லாங்குழிக்குச் சோழியோ புளியங்கொட்டையோ இருக்கட்டும், குன்றிமணி வேண்டாம். தோல் உடைந்து, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, அரளி, ஊமத்தை மூன்றும் கொல்லை மூலையில் தானாக நிற்கும். பிள்ளை வருவதற்கு முன்னால் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் அடைத்துவிடுங்கள். அந்திமந்தாரையை நிறைய பேர் சிபாரிசு செய்கிறார்கள். மிளகு மாதிரி கறுப்பு விதை, எளிதாக முளைக்கும், சாயங்காலம் சொன்ன நேரத்துக்குப் பூக்கும், எல்லாம் சரி. ஆனால் விதையும் கிழங்கும் வயிற்றைக் கெடுக்கும். வாயில் போடுகிற வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஊறிய பயறு மூக்குக்குள் போனால் இன்னும் ஊதும். வீட்டில் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள். நேரே மருத்துவரிடம் போங்கள்.

கவிழ்த்த சிரட்டை, கல் குவியல், சருகு, இவற்றுக்கு அடியில் தேளும் பூரானும் இருக்கும். எதையும் முதலில் குச்சியால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பாத்தி ஓரத்துக்குச் செங்கல்லை அடுக்கும்போது இடுக்கு விடாமல் மண் பூசிவிடுங்கள். ஓட்டை போடாத சிரட்டையில் தண்ணி நின்றால் பகலில் கடிக்கிற கொசு முட்டையிடும், வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது வீட்டுக்காகச் சொல்வது. செம்மண் கையோடு பிள்ளை வளவுக்குள் (வீட்டின் நடு முற்றப் பகுதிக்குள்) ஓடி அந்த வழுவழு வெள்ளைச் சுவரைத் தொட்டால் கறை போகாது. பின்வாசல் படியிலேயே ஒரு அண்டாவில் தண்ணியும் சொம்பும் வைத்துவிடுங்கள்.

தேவகோட்டைவெயில்

ஆச்சி, முளைப்பாரி மாதிரி வீட்டுக்குள்ளேயே வளர்க்கக் கூடாதா? வெயில் பிரச்சினையே இல்லையே.

பின்கட்டுத்தோட்டம்

வளர்க்கலாம், அந்தப் பெயர் மட்டும் வேண்டாம். பாரி போடுவது அம்மனுக்கு, விரதத்தோடு. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் எடுப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கும். அதை விளையாட்டாக்கினால் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு சங்கடப்படும். "முளைப்பயறுச் சட்டி" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாயகன்ற மண்சட்டியில் அடியில் கொஞ்சம் வைக்கோல், மேலே தூளாக்கிய காய்ந்த ஆட்டெரு, அதன்மேல் மண். இரவெல்லாம் ஊறிய பாசி, தட்டை, மொச்சை, சோளம் கலந்து ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். விதைமேல் விதை ஏறினால் அடியில் இருப்பது புழுங்கி அழுகி, மூன்றாம் நாள் வாடை வந்துவிடும். ஒரு சாண் வாய் உள்ள சட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். இருட்டறையில் வைத்துக் காலை மாலை தெளித்தால் எட்டுப் பத்து நாளில் ஒரு முழம் நெருங்கி வரும்.

ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று பிள்ளை கேட்கும். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் கட்டவில்லை, வெளிச்சத்தைத் தேடித் தேடித் தண்டு நீள்கிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இரண்டு சட்டி போடுவது சுலபம். ஒன்று இருட்டில், ஒன்று சன்னலடியில். பத்தாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குட்டையான பச்சையும் நெட்டையான மஞ்சளும் தாமே சொல்லிவிடும்.

செம்மண்புழுதி

வாசனைச் செடிக்கு எதை எடுக்கலாம்? துளசியா?

விதைப்பெட்டி

துளசி விதை தூசி மாதிரி இருக்கும், பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். கற்பூரவள்ளி நல்லது. நாலு அங்குலக் கொழுந்துத்தண்டை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகினால் பத்து நாளில் வேர். ஒடித்ததுமே விரலில் வாசனை ஒட்டிக்கொள்ளும், முளைக்கக் காத்திருக்க வேண்டாம். சதைப்பற்றுள்ள தண்டு என்பதால் தண்ணி அதிகமானால் கறுத்துவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். புதினாவும் இப்படியே, ஆனால் அரை நிழலும் தினம் தண்ணியும் கேட்கும். மருதாணிக் குச்சி நம்ம மண்ணுக்கு ஏற்றது, பிடித்துவிட்டால் சாகாது, வேர் பிடிக்கத்தான் நாளாகும். ஆண்டுதோறும் வருகிற பிள்ளைக்கு அது சரி. அடுத்த சித்திரையில் அதே செடியிலிருந்து அரைத்து அதன் கையிலேயே வைக்கலாம்.

கண்மாய்க்கரை

சித்திரையில் பிள்ளை கையில் எப்போதும் மாங்கொட்டை இருக்கும், அதை விட்டுவிட்டீர்களே. சப்பியதைக் கழுவி ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். ஓட்டின் ஓரத்தைப் பெரியவர் கத்தியால் நெம்பித் திறந்து உள்ளே இருக்கும் பருப்பை எடுக்க வேண்டும். பிள்ளை அந்தப் பருப்பை முதுகு மேலே இருக்கும்படி ஓரங்குல ஆழத்தில் புதைக்கட்டும். ஓட்டோடு போட்டாலும் வரும், ஆனால் நாளாகும், உள்ளே வண்டு இருந்தாலும் தெரியாது. வாரக்கணக்கில் காயவிட்டால் பருப்பு செத்துப்போகும். பயறு மாதிரி டப்பாவில் வைத்துக்கொள்கிற விதை இல்லை இது.

இரண்டு மூன்று வாரத்தில் முளை. முதல் இலைகள் செம்பு நிறத்தில் தொங்கும். வாடிவிட்டது என்று நினைத்துப் பிள்ளை தண்ணியைக் கொட்டும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தின்ற மாம்பழத்தின் ருசியே வரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொட்டைக் கன்று தாய்மரம் மாதிரியே இருக்காது, காய்க்கவும் பல வருஷம் ஆகும்.

தேவகோட்டைவெயில்

அவரை, புடலை?

கண்மாய்க்கரை

இங்கேதான் ஊருணிக்கரை சொன்ன ஆடிப் பட்டம் ஜெயிக்கிறது. பந்தல் அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் பூ ஐப்பசி கார்த்திகையில்தான். முன்னதாகப் போட்டால் ஆறேழு மாதம் வெறும் கொடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். செடியவரை அப்படியில்லை, 40, 45 நாளில் பூத்துவிடும்.

புடலுக்கு 60 நாளுக்குமேல் வேண்டும். ஊரிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு ஆடியில் போடுங்கள். நாட்டு நீளப் புடலில் பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல் தொங்கவிடுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. கல் கோலிக்குண்டு இரண்டு எடைக்குமேல் வேண்டாம், பிஞ்சுக்காம்பு ஒடிந்துவிடும். காய் நீளுகிறபோது கல் தரையைத் தொட்டால் பயனில்லை, பந்தல் ஆறடியாவது இருக்கட்டும். குட்டைப் புடல் ரகத்துக்குக் கல்லே தேவையில்லை.

மயிலைச் சொல்ல மறந்துவிட்டேன். நம்ம பக்கம் இப்போது எறும்பைவிடப் பெரிய தொல்லை அதுதான். ஒரு காலையில் மொத்தப் பாத்தியையும் கிளறிவிடும். முள் போடாதீர்கள், பிள்ளை நடமாடுகிற இடம். நாலு மூலையில் குச்சி நட்டுப் பழைய நூல் சேலையை முளை ஒரு சாண் வரும் வரை மேலே கட்டுங்கள், நிழலுக்கும் ஆயிற்று.

செம்மண்புழுதி

எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசிச் சந்தேகம். வைகாசியில் பிள்ளை விமானம் ஏறிவிடும். கையில் எதைக் கொடுத்து அனுப்பலாம்? விதையைச் சின்ன ஓலைக் கொட்டானில் போட்டுக் கொடுக்கலாமா?

விதைப்பெட்டி

சென்னை, பெங்களூரு என்றால் கொட்டானில் வெந்தயமும் தட்டையும் கொடுத்து அனுப்புங்கள். வெளிநாடு என்றால் விதையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். நோய் இல்லை என்ற தாவர நலச் சான்று இல்லாமல் விதை கொண்டுபோகப் பல நாடுகளில் தடை உண்டு, விமான நிலையத்தில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். பிள்ளை கண் முன்னாலேயே குப்பைக்குப் போகும். வெறும் கொட்டானைக் கொடுங்கள், அந்த ஊர்க் கடையில் வாங்கி நிரப்பிக்கொள்ளட்டும்.

கண்மாய்க்கரை

பொங்கலுக்கு வருகிற பிள்ளையாக இருந்தால் பனங்கொட்டை போட்டு வையுங்கள். ஆவணி புரட்டாசியில் விழுகிற பழத்தின் கொட்டையைச் சதை நீக்கி நாலு நாள் காயவைத்து, மணலும் சலித்த மண்ணும் கலந்து இரண்டடி உயரம் குவித்த மேட்டில் தோளோடு தோள் ஒட்டி அடுக்கி, மேலே இரண்டு அங்குலம் மண் மூட வேண்டும். முளை மேலே வராது, கீழே இறங்கும். அதனால்தான் அத்தனை உயரம். சரளை கிடந்தால் கிழங்கு கோணி, பிளந்து, நாராகிவிடும். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும், மழை தவறினால் வாரம் இரண்டு தண்ணி.

தை பிறக்கும்போது தயார். மேலே குருத்தோலை விரிய விட்டால் கிழங்கு முற்றி நார் ஏறும், அதற்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டும். பக்கத்து மண்ணைப் பெரியவர் மண்வெட்டியால் தளர்த்திக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், இழுக்கிற வேகத்தில் பிள்ளை மல்லாந்து விழும். கொட்டையைத் தூக்கிப் போடாமல் அரிவாளால் பிளந்து கொடுங்கள், உள்ளே தவுன் என்கிற தித்திப்பான பஞ்சுப் பருப்பு இருக்கும். கிழங்கைத் தோலோடு மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் மணி நேரம் அவித்தால் தோல் தானாகக் கழன்று வரும். நடு நரம்பை உருவுவதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

ஊருணிக்கரை

நாலு வயசுப் பிள்ளைக்கு முழுசா ஒரு கிழங்கு வேண்டாம், வயிறு கட்டும். பாதி போதும்.